தாச்சிக்கு வந்த பெரட்டு

உலகத்தில் மருந்து கொடுப்பவர்கள் கொஞ்சம் பேர், மருந்து தின்பவர்கள் நிறையப் பேர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு இன்னும் உலகம் தெரியவில்லை என்று அர்த்தம். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் எட்டிப்பிடிக்க முடியாத மூன்றாவது கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்கள் மருந்து சொல்பவர்கள். கொடுப்பது அபூர்வம். தின்பது அதைவிட அபூர்வம். சொல்வார்கள்.

இவர்களைக் கண்டுபிடிக்க அலைய வேண்டியதில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நீங்கள் தெருவில் நாலு எட்டு நடந்தால் போதும், எதிரே வருகிற ஒருவர் முகம் மலர்ந்துவிடும். உங்களுக்குப் பல்வலி வந்ததில் அவருக்குச் சந்தோஷம் என்று தப்பாக நினைத்துவிடாதீர்கள். பாவம், தனக்கு வேலை வந்த சந்தோஷம் அது. எப்போதிருந்து வலி, எந்தப் பல், வீக்கம் இருக்கிறதா என்று கேட்டு நேரத்தை வீணாக்குகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அதெல்லாம் படித்த டாக்டர்கள் செய்கிற வேலை.

இலங்கையில் இறம்பொடைக்கு மேலே சாம்பல்மலைத் தேயிலைத் தோட்டத்தில், சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலத்தில், இந்த இனத்தின் சுத்தமான வித்து ஒருவர் இருந்தார். பழனியாண்டி கங்காணி. நாற்பது ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, கக்கத்தில் குடை, வாயில் வெற்றிலை, வெற்றிலைக்கு நடுவே மருந்து. யாருக்கு என்ன வந்தாலும் அவர் முதலில் சொல்வது ஒன்றுதான்.

"இதுக்கா? இது ஒன்னுமில்லியே!"

அவர் வைத்தியத்துக்கு எல்லையே கிடையாது. பச்சைப்பிள்ளைக்கு மாந்தம், கிழவனுக்கு மூச்சிளைப்பு, கொழுந்தெடுக்கிற பெண்களுக்கு அட்டை கடித்த புண், கோழிக்குக் கழிச்சல், மாட்டுக்குக் கோமாரி என்று எல்லாவற்றுக்கும் சொன்னதோடு நிற்காமல், தோட்டத்து லொறி குளிரில் கிளம்ப மறுத்தபோது அதற்கும் ஒரு ஒத்தடம் சொன்னார். டிரைவர் எரிச்சலில் சாக்கை வெந்நீரில் நனைத்து இஞ்சின் மேல் போட்டான். லொறி கிளம்பிவிட்டது. அந்த ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு கங்காணி ஆறு வருஷம் காலம் தள்ளினார்.

"றொசல்லயில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு. ஏழு டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க. பாடைக்கு மூங்கி வெட்டப் போயிட்டாங்கன்னா பாத்துக்கயேன். நான் சொன்னதக் குடுத்தாங்க. மறுநா மலையேறி வேல செய்யிறாரு!"

கவனித்தீர்களா? பிழைத்தவர் எப்போதும் றொசல்லையில் இருப்பார். இல்லாவிட்டால் உடப்புசல்லாவையில் இருப்பார். பக்கத்து வீடான அடுத்த காம்பராவில் இருக்கவே மாட்டார். அடுத்த காம்பராவில் இருந்தால் எட்டிப் பார்த்துக் கேட்டுவிடலாம் அல்லவா?

மருந்து பலிக்காவிட்டால் என்ன செய்வார் என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் பத்தியம் இருக்கிறது. பத்தியம் இல்லாத மருந்தை அவர் வாயால் சொன்னதே கிடையாது. புளி கூடாது, கருவாடு கூடாது, பகலில் படுக்கக் கூடாது, பூசணிக்காயைப் பார்க்கக் கூடாது. நோயாளி குணமாகவில்லை என்று வந்து நின்றால், கங்காணி குடையை ஊன்றிக்கொண்டு விசாரணையை ஆரம்பிப்பார். போன செவ்வாய்க்கிழமை பூசணிக்கொடி பக்கமாக நடந்தாயா? நடந்தேன். "அதான் பாத்தியா!" வழக்கு முடிந்தது. நோயாளியே குற்றவாளி.

இப்படிப்பட்டவர் கண் ஒருநாள் குதிரை மேல் விழுந்தது.

சாம்பல்மலைத் தோட்டத்துப் பெரிய துரையிடம் ஒரு பெண்குதிரை இருந்தது. துரை அதற்கு வைத்த பெயர் டச்சஸ். சீமையில் அது ஒரு பிரபுவின் மனைவிக்குப் பட்டமாம். அந்தப் பட்டம் பங்களாவிலிருந்து இறங்கித் தொழிலாளர் லயத்துக்கு வருவதற்குள் தாச்சி ஆகிவிட்டது. தாச்சி என்றால் எண்ணெய் காய்ச்சுகிற இரும்புச் சட்டி. குதிரைக்குக் கோபம் வரவில்லை. தாச்சி என்று கூப்பிட்டால் காதைத் திருப்பும். டச்சஸ் என்று துரை கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று புல்லைத் தின்றுகொண்டிருக்கும்.

அதைப் பார்த்துக்கொண்டவன் செல்லசாமி. பதினாலு வருஷமாகக் குதிரைக்காரன். மனிதர் இருப்பது லயம், குதிரை இருப்பது லாயம். எழுத்தில் ஒரு கால்தான் வித்தியாசம். கூரையை நிமிர்ந்து பார்த்தால் வித்தியாசம் அதிகம். லாயம் ஒழுகாது.

செல்லசாமிக்குப் படிப்பு கிடையாது. ஆனால் குதிரையின் வயிறு தெரியும். மனிதன், நாய், பூனை எல்லாம் வேண்டாததைத் தின்றுவிட்டால் வாந்தியெடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம். குதிரைக்கு அந்த வசதியைக் கடவுள் கொடுக்கவில்லை. உள்ளே போனது போன வழியே திரும்பி வராது. ஆகையால் உள்ளே என்ன போகிறது என்று காவல் காப்பதுதான் குதிரைக்காரன் வேலையில் முக்கால்வாசி. அறுத்துக் குவித்துச் சூடேறிப்போன புல்லை அவன் போட மாட்டான். தானியத்தை அளந்துதான் வைப்பான். தீனியை மாற்ற வேண்டியிருந்தால் பத்து நாள் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிடியாக மாற்றுவான். தொட்டியில் தண்ணீர் குறைய விட மாட்டான். காலையும் மாலையும் தாச்சியின் விலாவில் காதை ஒட்டவைத்துக் கேட்பான். உள்ளே குடுகுடு என்று சத்தம் கேட்டால் அவனுக்கு நிம்மதி. அந்தச் சத்தம் நின்றுபோனால்தான் ஆபத்து என்று அவனுக்குத் தெரியும்.

அவ்வளவு காவலுக்கும் காரணம் இருந்தது. போன வருஷம் துரை நுவரெலியாக் குதிரைப் பந்தயத்தைப் பார்க்கச் சிநேகிதர்களோடு குதிரைமேல் போவதாகச் சொல்லியிருந்த நாளில் தாச்சி வயிற்றுவலியில் படுத்துவிட்டது. துரை நடந்துபோய் பஸ் பிடித்தார். அடுத்த மாதம் ஒரு ஜீப் வாங்கினார். வாங்கி நிறுத்திவிட்டு செல்லசாமியைக் கூப்பிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"ஜீப்புக்கு வயித்துவலி இல்லே. இன்னும் ஒரு வாட்டி இதுக்கு வயித்துவலி வந்தா, ஒரே தோட்டா. சுட்டுப்போடும். நீ மலைக்குப் போ."

மலைக்குப் போவதென்றால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போவது. அது செல்லசாமிக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அந்தத் தோட்டாதான் அவன் நெஞ்சில் கிடந்தது. பெற்ற பிள்ளையாக வளர்த்ததைச் சுடுவதற்கு அவனே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஒரு புதன்கிழமை கங்காணி லாயத்துப் பக்கம் வந்தார். செல்லசாமி விலாவில் காதை வைத்துக் கேட்பதைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சும்மா போவாரா? தலைப்பாகையைக் கழற்றிவிட்டுத் தானும் காதை வைத்தார். உள்ளே குடுகுடு. கங்காணியின் முகம் மலர்ந்தது.

"இதுக்கா? இது ஒன்னுமில்லியே! வாயு கட்டி நிக்குது."

"அது நல்ல சத்தம்ங்க கங்காணியய்யா. அது நிக்கக் கூடாதுங்க."

"யாருக்கு நல்ல சத்தம்? ஓன் வயித்துல இப்புடி உருட்டுனா நீ காலையில வேலப் பெரட்டுக்கு வருவியா? உடப்புசல்லாவையில ஒரு தொரை குதிரைக்கு இதே கோளாறுதான். பத்து நா வயித்துல இடி இடிச்சிச்சி. கோதும மாவு, கருப்பட்டி, சுக்கு, பூண்டு, பெருங்காயம், அஞ்சையும் பெசஞ்சி, எலுமிச்சங்கா பருமனுக்கு... இல்ல, குதிரையாச்சே, தேங்கா பருமனுக்கு உருட்டி..."

"பாப்பம்ங்க," என்றான் செல்லசாமி, ஆளை அனுப்பினால் போதும் என்று.

அங்கேதான் அவன் தவறினான். மருந்து சொல்பவரிடம் பார்ப்போம் என்று சொல்லவே கூடாது. முடியாது என்றால் முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட வேண்டும். பார்ப்போம் என்பது அவர்கள் பாஷையில் சம்மதம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. துரை முதல்நாளே ஜீப்பில் நுவரெலியாவுக்குப் போயிருந்தார்; பகல் சாப்பாட்டுக்குத் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தார். செல்லசாமி வழக்கம்போல ஆற்றோரம் புல் அறுக்கப் போனான். புல்லுக்கட்டோடு திரும்பி வந்தபோது தாச்சி அவனைப் பார்த்துக் கனைக்கவில்லை. புல்லைப் போட்டான், மோந்துகூடப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. முன்னங்காலால் தரையைப் பறித்தது. கழுத்தில் வேர்வை. அதன் உதட்டில் வெள்ளையாக என்னமோ ஒட்டியிருந்தது. செல்லசாமி துடைத்து மோந்து பார்த்தான். பெருங்காயம்.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விலாவில் காதை வைத்தான். குடுகுடு இல்லை.

கங்காணியைத் திட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. திட்டவும் முடியாது; நாட்கூலிக்குப் பேர் போடுகிற கங்காணி. தவிர, லாயத்தைத் திறந்து போட்டுவிட்டுப் போனது யார் என்று துரை கேட்டால் என்ன பதில்? செல்லசாமி தீனித்தொட்டியைக் காலி செய்தான். கயிற்றைப் பிடித்துக் குதிரையை வெளியே கொண்டுவந்தான். கீழே விழுந்து உருள விட்டால் குடல் முறுக்கிக்கொள்ளும். மெதுவாக நடக்க வைக்க வேண்டும். அந்த மலையில் நடக்க வைக்கச் சமமான இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. தினம் விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களம். அங்கே போகிற வழியில் மனைவியைக் கூப்பிட்டான்.

"ஏ பேச்சி! கண்டாக்கையாகிட்ட ஓடு புள்ள! தாச்சிக்கு வயித்துப் பெரட்டு, மாட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பச் சொல்லு!"

தோட்டத்து உத்தியோகத்தரான கண்டாக்கையாவின் வீட்டுக்குப் பேச்சியம்மா ஓடினாள். வழியில் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள், என்னடி ஓட்டம் என்று கேட்டார்கள். நின்று பதில் சொல்ல அவளுக்கு மூச்சு ஏது? "தாச்சிக்குப் பெரட்டு!" என்று கத்திவிட்டு ஓடினாள்.

வயிற்றைப் புரட்டுவதும் பெரட்டுத்தான். காலையில் ஆட்களைக் கூட்டுவதும் பெரட்டுத்தான். தாச்சி குதிரையும்தான், சட்டியும்தான். பீலியில் நின்ற பெண்கள் இந்த நாலில் இரண்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

"ஞாயித்துக்கெழமை பெரட்டா?"

"தாச்சியோட வரணுமாமே!"

"சட்டி எதுக்குடி?"

முதல் லயத்தில் எழும்பிய இந்தக் கேள்விக்கு இரண்டாவது லயத்தில் பதில் தயாராக இருந்தது: துரைசாணி தேங்காய் எண்ணெய் கொடுக்கிறார். மூன்றாவது லயத்துக்குப் போனபோது ஆளுக்கு ஒரு போத்தல். நாலாவது லயத்தில் முந்தி வந்தவர்களுக்கு இரண்டு போத்தல். அரைமணி நேரத்தில் சாம்பல்மலைத் தோட்டமே ஆளுக்கொரு இரும்புச் சட்டியோடு பெரட்டுக்களத்தில் வந்து வரிசையாக நின்றது. நடுவில் செல்லசாமி குதிரையைச் சுற்றிச் சுற்றி நடத்திக்கொண்டிருந்தான்.

எண்ணெய் இல்லை என்று தெரிந்தது. கோபம் வந்ததா? இல்லை. யாரும் வீட்டுக்குத் திரும்பவில்லை. குதிரைக்கு வயிற்றுவலி என்று காதில் விழுந்த மறு நிமிஷம் இருநூறு முகத்திலும் அந்த மலர்ச்சி வந்துவிட்டது. சாம்பல்மலையில் கங்காணி ஒருவர்தான் இந்த இனம் என்று நானும் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவச்சி காளியாயி முன்னால் வந்தாள். "இது மாந்தம்ப்பா. வசம்பச் சுட்டு நாக்குல தடவு." கோயில் பூசாரி கந்தப்பன் அது கண்ணூறு என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போடத் தயாரானார். தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிற ஒருவர் மிஷினுக்கு எண்ணெய் விடுகிற மாதிரி ஒரு போத்தல் விளக்கெண்ணெயை மூக்கு வழியாக விட்டால் எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்றார். கொத்தமல்லித் தண்ணி என்றாள் ஒருத்தி. சாராயம் என்றான் ஒருவன். குதிரைக்குப் பாதி, கொண்டுவருகிறவனுக்குப் பாதி என்று பங்கும் பிரித்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, கறுப்புக் கோட்டுப் பொத்தானைப் போட்டபடியே வந்து சேர்ந்தார் பழனியாண்டி கங்காணி.

"இதுக்கா?" என்று ஆரம்பித்தார்.

அதற்குள் பேச்சியம்மா மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். மாட்டு டாக்டர் கண்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். கண்டாக்கையா நுவரெலியாவுக்கு ஆள் அனுப்பியிருக்கிறாராம், யாராவது கிடைத்தால் உண்டு.  செல்லசாமி சூரியனைப் பார்த்தான். துரை வர இன்னும் மூன்று மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் இந்தக் குதிரை ஒரே ஒரு தடவை லத்தி போட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதைப் பிழைக்கவிட இருநூறு பேரும் தயாராக இல்லை. ஏற்கெனவே ஒருவன் விளக்கெண்ணெய்ப் போத்தலோடு மூக்கை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

"ஒன்னும் குடுக்காதீங்க! நடந்தாப் போதும், தண்ணி வச்சாப் போதும்!" என்று செல்லசாமி கத்தினான்.

யார் கேட்பார்கள்? சும்மா இருப்பதை மருந்து என்று ஒத்துக்கொள்கிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. அவன் கல்நெஞ்சன் என்றார்கள். வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுகிறான் என்றார்கள். காளியாயி வசம்போடு குதிரையின் வாயைப் பிடித்துவிட்டாள்.

அப்போதுதான் பேச்சியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள்.

"யாரும் கிட்ட வராதீங்க! மருந்து ஏற்கெனவே குடுத்தாச்சி! இது இப்ப பத்தியம்!"

களம் அடங்கிவிட்டது. விளக்கெண்ணெய்க்காரன் போத்தலைப் பின்னால் மறைத்துக்கொண்டான். காளியாயி கையை எடுத்தாள். பத்தியம் என்றால் பத்தியம்தான். அதை முறிக்கிற பாவத்தை யார் ஏற்றுக்கொள்வார்கள்?

"என்னா மருந்து?" என்றார் கங்காணி, சந்தேகத்தோடு.

செல்லசாமி மனைவியைப் பார்த்தான். பதினாலு வருஷம் பொய் சொல்லாதவனுக்கு அன்றைக்கு நாக்கில் பொய் வந்து உட்கார்ந்தது.

"சொன்னா பலிக்காதுங்க."

இருநூறு தலைகளும் ஆமாம் என்று ஆடின. பேச்சியம்மா அதோடு விடவில்லை. லத்தி விழுகிற வரைக்கும் வேறு தீனி, வேறு மருந்து எதுவும் வாயில் படக் கூடாது என்றாள். ஒரு மூச்சு விட்டுவிட்டு, வேறு மருந்தின் பேர்கூட அது காதில் விழக் கூடாது என்றாள். அந்தக் கடைசிப் பத்தியம் அவளாகச் சேர்த்தது. கங்காணியைப் பார்த்துக்கொண்டே சேர்த்தாள்.

இப்படியொரு ஞாயிற்றுக்கிழமையை அந்தத் தோட்டம் அதற்கு முன்னால் கண்டதில்லை. இருநூறு பேர், அத்தனை பேர் வயிற்றிலும் ஒரு மருந்து, ஒருவரும் வாயைத் திறக்க முடியாது. குதிரை நடந்தது. செல்லசாமி நடந்தான். நின்று வெதுவெதுப்பான தண்ணீரைக் காட்டினான், குடிக்கவில்லை. மறுபடி நடந்தான். படுக்கப் பார்த்தபோது கயிற்றைப் பிடித்து, "எந்திரி தாயி, எந்திரிச்சிரு ராசாத்தி," என்று கெஞ்சினான். வைக்கோலை முறுக்கி வயிற்றைத் தேய்த்தான். காதை வைத்தான். ஒன்றுமில்லை.

கங்காணியின் நிலைதான் பரிதாபம். உதடு துடித்தது. குடையைத் தரையில் குத்தினார். வெற்றிலையை மென்றார், துப்பினார், மறுபடி மென்றார். ஒருமுறை தாங்க முடியாமல், "றொசல்லயில..." என்று ஆரம்பித்துவிட்டார். நாற்பது பெண்கள் சேர்ந்து உஸ்ஸ் என்றார்கள். அவரிடம் பேர் கொடுக்கிற பெண்கள்தான். கங்காணி வாயை மூடிக்கொண்டார். இதைவிட அவரைச் சிறையில் போட்டிருக்கலாம்.

சூரியன் உச்சிக்கு வந்தபோது தாச்சி தானாகவே நின்றது. தண்ணீரைத் தேடிக் கழுத்தை நீட்டியது. இரண்டு வாய், மூன்று வாய். செல்லசாமி காதை விலாவில் ஒட்டினான். எங்கேயோ தூரத்தில் ஒரு குடு. அவன் கண் மூடிக்கொண்டது. இன்னொரு குடு.  தாச்சி வாலை மெல்லத் தூக்கியது.

லத்தி விழுந்தது. ஒன்று, இரண்டு, அப்புறம் பொலபொலவென்று ஒரு குவியல்.

செல்லசாமி அழுதுவிட்டான். குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வெட்கமே இல்லாமல், எல்லோர் முன்னாலும் அழுதான். அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த இருநூறு வாயும் ஒரேயடியாகத் திறந்துகொண்டது. பெண்கள் கையில் இருந்த சட்டியைக் கரண்டியால் தட்டினார்கள், கரண்டி இல்லாதவர்கள் கல்லால் தட்டினார்கள். பூசாரி அந்தக் குவியலுக்குச் சூடம் காட்டப் போய்விட்டார். நல்லவேளை, நெருப்புப்பெட்டி நனைந்திருந்தது.

அந்தச் சத்தத்தில் ஜீப் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

துரை இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்களம் நிறைய ஆட்கள். எல்லோர் கையிலும் சட்டி. நடுவில் ஒரு லத்திக் குவியல். அதைச் சுற்றி ஒரு திருவிழா. சட்டிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

"என்னா இது? யார் பெரட்டு போட்டது?" துரையின் கண் குதிரையின் கழுத்தில் காய்ந்திருந்த வேர்வை மேல் போனது. குரல் இறங்கியது. "செல்லசாமி. மறுபடி வயித்துவலியா?"

 ஆமாம் என்றால் தோட்டா. இல்லை என்றால் பொய், இருநூறு சாட்சியோடு. கங்காணியின் பேரைச் சொல்லலாம். சொன்னால் நாளைக்கு அதே கங்காணியிடம்தான் பேச்சியம்மா பேர் கொடுக்க வேண்டும். செல்லசாமி தாச்சியின் பிடரியில் கையை வைத்துக்கொண்டு தலை குனிந்தான்.

மூன்று மணி நேரம் வாயைக் கட்டிப்போட்டிருந்த ஒரு மனிதர் அங்கே இருந்தார் என்பதைத் துரை அறிய மாட்டார். கறுப்புக் கோட்டு கூட்டத்திலிருந்து கழன்றுகொண்டு முன்னால் வந்தது.

"பயப்பட ஒன்னுமில்லிங்க தொரை. கொணமாயிடிச்சி. மருந்து நம்மளுதுங்க!"

"உன் மருந்தா?"

"நம்ம மருந்தேதாங்க! கோதும மாவு, கருப்பட்டி, சுக்கு, பூண்டு, பெருங்காயம். தேங்கா பருமனுக்கு அஞ்சி உருண்ட. செல்லசாமி புல்லுக்குப் போன நேரம் பாத்து நானே போயி என் கையால ஊட்டுனேங்க. இவன் என்னமோ ரகசியங்கிறான். என் மருந்துக்கு இவன் பேர் வாங்கப் பாக்குறான் தொரை!"

 பச்சை மாவு அஞ்சு உருண்டை என்பது துரையின் மூளைக்குள் மெதுவாகப் போய்ச் சேர்ந்தது.

"நீ எப்ப குடுத்தது?"

"விடிய ஆறு மணிக்குங்க."

"குதிரைக்கு எப்ப வயித்துவலி?"

"எட்டு மணிக்கு..."

கங்காணி அங்கே நின்றுவிட்டார். கூட்டத்தில் பின்னாலிருந்து யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவி முன்னால் வந்தது. செல்லசாமிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பதினாலு வருஷ வாழ்க்கை கங்காணியின் வாயிலிருந்து திரும்பி வந்ததை நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

துரை செல்லசாமியிடம் வந்தார். குதிரையின் விலாவில் தானே காதை வைத்துக் கேட்டார். குடுகுடு நன்றாகவே கேட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "நல்ல வேலை. லாயத்துக்கு ஒரு பூட்டு வாங்கு," என்றார். சுடுகிற பேச்சு அன்றோடு போய்விட்டது. பிறகு கங்காணி பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது.

"கங்காணி. நல்ல மருந்து. இப்ப ஒரு உருண்டை செய். எனக்கு முன்னால நீ சாப்பிடு."

கங்காணி நாலாபுறமும் பார்த்தார். மாவு இல்லை என்று சொல்ல முடியாது. கங்காணி வீட்டில் மாவு இல்லை என்றால் யார் வீட்டில் இருக்கும்? தலைப்பாகையைச் சரி செய்தார், கோட்டைத் தடவினார், ரொம்ப மரியாதையாகக் குனிந்து சொன்னார்:

"இன்னிக்கி நான் பத்தியம்ங்க தொரை."

அதோடு அவர் திருந்திவிட்டார் என்று எதிர்பார்க்கிறீர்களா? அடுத்த மாதம் றொசல்லையில் ஒரு சாவு வீட்டுக்குப் போனவர், அங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், சாம்பல்மலையில் தனக்குத் தெரிந்த ஒரு குதிரை இருந்ததென்றும், ஏழு டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்களென்றும், துரை துப்பாக்கியோடு நின்றாரென்றும், தான் ஐந்தே உருண்டையில் எழுப்பி நடக்க வைத்துவிட்டதாகவும் சொன்னாராம். கேட்டவர் எழுதி வாங்கிக்கொண்டாராம்.

இவ்வளவையும் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன், மனசாட்சியோடு பதில் சொல்லுங்கள். அந்தக் குதிரை லத்தி போடாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது, 'இந்தப் பயல் கொஞ்சம் ஓமத்தண்ணியாவது கொடுத்திருக்கலாமே' என்று உங்கள் வாய்க்குள் ஒன்று முணுமுணுத்ததா, இல்லையா? ஓமம் இல்லை, பெருஞ்சீரகம் என்கிறீர்களா? அதுதான், அதுதான். தயவுசெய்து சாம்பல்மலைப் பக்கம் மட்டும் வந்துவிடாதீர்கள். தாச்சிக்கு இப்போது உடம்பு நன்றாக இருக்கிறது.